திறப்பு விழாக் கோடு

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட்டு, சேலை வாங்கி, அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்ற அதிர்ச்சிகரமான உண்மை 1972-இல் அரசின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அவர்களைத் தங்கவைக்க ஒரே வழி, கூட்டம் போடுவது. வியாபாரப் பிரமுகர்கள் வந்து பேசி, தூங்கி, எழுந்து, மறுபடி பேசினால் அதற்குப் பெயர் தொழில்முறைச் சுற்றுலா.

இதற்கென்றே வரதராஜன் என்ற தனி அலுவலர் நியமனமானார். செவிலிமேட்டில் காலியாய்க் கிடந்த நெல் கிடங்குக்கு வெள்ளையடித்து, ‘மாநாட்டு மண்டபம்’ என்று போர்டு மாட்டினார். எலிகளுக்கு முறைப்படி அறிவிப்பு கொடுக்கப்பட்டது.

நெசவாளி கைலாசத்துக்கு இதெல்லாம் தெரியாது. தை மாதம் மகள் வள்ளிக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் நெய்தவர் முதல்முறையாகத் தன் வீட்டுக்கு நெய்யப் போகிறார். திறப்பு விழாவன்று காலையில், சேலையின் நீள இழைகளான பாவைத் தெருவில் இழுத்துக் கட்டியிருந்தார். அரக்குப் பட்டு வெயிலில் பளபளத்தது.

வழி தவறி ஒரு கார் தெருவுக்குள் நுழைந்தது. விழாவுக்கு வந்த சென்னை மேலதிகாரி கத்தரிக்கோலும் கையுமாக இறங்கினார்; பின்னாலேயே வரதராஜன்.

“ரிப்பன் ரொம்ப நீளம். ஏற்பாடு பிரமாதம், வரதராஜன்” என்றார்.

கறுக்.

பழக்கதோஷத்தில் யாரோ கை தட்டினார்கள்.

“அது பாவுங்கய்யா. எம்பொண்ணு முகூர்த்தச் சேலை” என்றார் கைலாசம்.

வரதராஜன் அவரை ஓரங்கட்டினார். “மெதுவா பேசும். ஐயா வெட்டினது ரிப்பன்தான்.”

“நான் கட்டின பாவு எனக்குத் தெரியாதுங்களா?”

“உமக்குத் தெரியலாம். ஐயா தப்பு செய்ய விதியில் இடமில்லை. அவர் வெட்டினால் ரிப்பன். ரிப்பன் சர்க்கார் சொத்து. சர்க்கார் சொத்து உம்மகிட்ட எப்படி வந்ததுன்னு நான் கேட்கலை. நீரும் ஒண்ணும் கேட்காதீர்.”

“ரிப்பன்னா, ஐயா எதைத் திறந்து வச்சாருங்க?”

“மாநாட்டு மண்டபத்தை. இனி இந்தத் தெருதான் அது. திறந்தாச்சு. திறந்ததை மூட எனக்கு அதிகாரமில்லை.”

சாயங்காலமே போர்டு கிடங்கிலிருந்து தெருவுக்கு வந்தது. கூரை பின்னர் வழங்கப்படும் என்றார்கள்.

கைலாசமும் மனைவி கலாவதியும் கண் பூத்துப்போக ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டார்கள். நெய்து முடித்தால், சேலையின் நடுவில் ஆபரேஷன் தழும்பு மாதிரி ஒரு கோடு.

மாப்பிள்ளையின் அம்மா பெரியநாயகி சேலையைப் பிரித்தாள். முகம் சுருங்கியது. “இன்னா சம்பந்தி, அறுந்த பட்டா? அறுந்ததைக் கட்டிக்கினு மணையில குந்துறதா? இந்தக் கல்யாணமே யோசிக்கணும் போல இருக்குதே.”

உள்ளேயிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. வள்ளிதான், ஆனால் குரல் அச்சு அசல் வரதராஜன்.

“அம்மையீர், இஃதொரு திறப்பு விழாக் கோடு. மேலதிகாரியின் பொற்கரத்தால் வெட்டப்பெற்றது. மெட்ராசுக்கே இன்னும் வரவில்லை.”

பெரியநாயகி கோட்டைத் தடவிப் பார்த்தாள். “மெட்ராஸ்லயே இல்லியா?”

“இல்லீங்கத்தே” என்றாள் வள்ளி, சொந்தக் குரலில்.

“அப்படின்னா எம்பொண்ணுக்கும் ஒண்ணு சொல்லிடு சம்பந்தி.”

கல்யாணப் பந்தலிலிருந்து கோடு மெட்ராசுக்குப் போனது. மாசிக்குள் கோடு இல்லாத பட்டு பழைய மாடலாகிவிட்டது. கோட்டுச் சேலைக்காக வியாபாரிகள் படுக்கையோடு வந்து நாள்கணக்கில் தங்கினார்கள்; பேசினார்கள், தூங்கினார்கள், மறுபடி பேசினார்கள். திட்டம் மகத்தான வெற்றி என்று வரதராஜனுக்குப் பதவி உயர்வு வந்தது.

இப்போதெல்லாம் விடிந்தால் தெரு நெடுகப் பாவு. கார் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி கைலாசம் நிற்கிறார்.

“எத்தினி நாளு நின்னுக்கினே இருப்பே?” என்றாள் கலாவதி. “அருவாமணை இருக்குது, நானே அறுத்துத் தரேன்.”

கைலாசம் பதறிப்போய்ப் பாவுக்குக் குறுக்கே நின்றார்.

“கிட்ட வராதே. நீ அறுத்தா அது அறுந்த பாவு. ஆபீசர் அறுத்தாத்தான் கோடு.”