பஸ்கி ரைட்டரின் அடுத்த பயிற்சி

தன் உடம்பை வளர்த்தவர்கள் இந்த உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரனின் ரத்தக் கொதிப்பை வளர்ப்பதற்கென்றே உடற்பயிற்சி செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பஸ்கி ரைட்டர். அந்த அடுத்த வீட்டுக்காரன் நான். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில் எனக்கு வந்த தலைவலி, நெஞ்செரிச்சல், வாயில் நுழைந்த கெட்ட வார்த்தை, எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்காரும்போதும் பேனாவை இப்படி அழுத்துகிறேனே, அதற்கும் அவர்தான் பொறுப்பு.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பள நாளில்கூட யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கரடியூரிலிருந்து மாரமங்கலம் வரைக்கும் அவர் பஸ்கி ரைட்டர்தான். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் அல்ல, ஆள் வருகை எழுதுகிறவர். பஸ்கி என்பது உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பது. இந்த இரண்டையும் தவிர வாழ்க்கையில் அவர் வேறெதுவும் செய்யவில்லை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. கேட்டால், இப்போது எடுத்திருக்கும் பயிற்சி முடியட்டும் என்பார்.

சரி, அவ்வளவு செய்தாரே, உடம்பு தேறியதா என்று கேட்பீர்கள். முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டிய மாதிரி வந்தார், அப்படியேதான் இருந்தார். இதுவும் எனக்கு ஆத்திரம். இத்தனை பேருடைய நிம்மதியைக் கெடுத்த மனிதர் ஒரு பிடி சதையாவது போட்டிருக்க வேண்டாமா?

வெள்ளைக்காரர் காலத்துப் பழைய பங்களா ஒன்றை நடுவில் பலகை அடித்து இரண்டு குடித்தனமாக்கி, ஒரு பாதியை அவருக்கும் மறுபாதியை எனக்கும் கொடுத்திருந்தார்கள். தரையும் பலகை, சுவரும் பலகை. அவர் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் மனைவி சரோஜா 'நூறு வயசு' என்பாள். அவர் பஸ்கி போட்டாலோ எங்கள் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒவ்வொன்றாக நடந்து ஓரத்துக்கு வந்து கீழே விழும். விடியற்காலை ஒரு முறை, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை. மழையானாலும் பனியானாலும் அதில் மாற்றம் கிடையாது.

சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகம் விற்பவரிடம் 'வீட்டிலேயே செய்யலாம்' வகையறாப் புத்தகங்களைக் கட்டாக வாங்கி வந்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்தால் அட்டை முதல் அட்டை வரை முடிக்காமல் விடமாட்டார். முடித்த அன்று புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, எல்லார் வீட்டுக்கும் பொரிகடலை கொடுப்பார். அந்தப் பொரியை நாங்கள் பயந்துகொண்டேதான் வாங்குவோம். ஒன்று முடிந்தது என்றால் அடுத்தது வரப்போகிறது என்று அர்த்தம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஒரு முறை எடை தூக்கும் புத்தகத்தை எடுத்தார். எடைக்கு எங்கே போவது? எங்கள் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியற்காலையில் அதை இரும்புக் கம்பியால் அடித்தால்தான் ஆட்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். மனிதர் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காத நாள் லீவு நாள் என்று பழகிய ஜனங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். பழுத்த காப்பிப் பழம் செடியில் அப்படியே நின்றது. தொரை, அதாவது எங்கள் மேனேஜர், யாரைக் கூப்பிட்டுத் திட்டினார் தெரியுமா? என்னை. இரும்புச் சாமான் எல்லாம் ஸ்டோர் கீப்பர் பொறுப்பாம். நான் தலைகுனிந்து நின்ற அந்த நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கம் இந்த மகானுபாவர் என் வேலையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு சமயம் பின்பக்கமாக நடக்கும் பயிற்சி. கரடியூர் ரோட்டில் ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே வந்தால் பஸ் டிரைவர் என்ன நினைப்பார்? தனக்கு முன்னால் போகிறார் என்று நினைத்து ஹாரன் அடித்தார். இவர் ஒதுங்காமல் தலையை மட்டும் திருப்பிக் கும்பிட்டார். பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்த டிரைவர் தன் திட்டுகளையும் கடைசியில் எங்கள் ஸ்டோர் வாசலில்தான் கொண்டுவந்து கொட்டினார். பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித் திருத்தக் கூடாதா என்று கேட்டார். மலைக்கே நான்தான் கார்டியன் போல.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிரசவத்துக்காக அயோத்தியாபட்டணத்துக்குப் போயிருந்த சரோஜா கைக்குழந்தையோடு திரும்பி வந்த சமயத்தில் அவர் குதிக்கும் பயிற்சியை எடுத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் தொட்டிலில் பாப்பாவைப் போடுவோம். அந்தப் பக்கம் தொம் தொம் என்று ஆரம்பிக்கும். அவர் குதித்து முடிப்பதற்கும் பாப்பா வீல் என்று அலறுவதற்கும் சரியாக இருக்கும். அதன்பிறகு சோறு ஆக்க முடியாது, சாப்பிட முடியாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சண்டை.

கடைசியில் சரோஜா ஒரு நாள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். அவள் நிதானமாகப் பேசினால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"ஏனுங்க, இந்தக் குதி முடியற வரைக்கும் பொறுத்துக்கறனுங்க. அடுத்ததும் சத்தம் போடறதா எடுத்தாருன்னு வைங்க, நான் பாப்பாவத் தூக்கிக்கிட்டு எங்க அம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க. நீங்களும் அவருமா இங்க குடித்தனம் பண்ணுங்க."

ஆக, என் குடும்பம் இந்த மலையில் இருப்பதா, அடிவாரம் தாண்டிப் போவதா என்பது பஸ்கி ரைட்டர் அடுத்து எந்தப் புத்தகத்தை எடுப்பார் என்பதில் வந்து நின்றது. ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேவலம் வேறு உண்டா?

குதிப் புத்தகம் முடிந்தது. பொரி வந்தது. ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் படும் பாடு இருக்கிறதே, பெண்ணுக்கு வரன் பார்க்கும் தகப்பன்கூட அப்படி அலைய மாட்டான். சோறு இறங்காது. வழியில் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "ஏனுங்க, அடுத்தது எதைங்க எடுக்கறது?" என்பார். மிளகு பறிக்கிறவர் ஏணியில் நின்றபடி ஒரு யோசனை சொல்வார். நான் போய் மூச்சுப் பயிற்சியின் மகிமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மூச்சைத் தவிர வேறெதையும் மனிதன் அசைக்கவே கூடாது என்றேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இந்தப் புத்தகக் கட்டுக்குள் இரண்டுதான் பாக்கி, ஒன்று மூச்சு, ஒன்று கயிறு தாண்டிக் குதிப்பது, இதை மனிதர் முடிவு செய்யக் கூடாது, சாமியிடம் பூப்போட்டுக் கேட்கப்போகிறேன் என்றார்.

எங்கள் பக்கம் பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று சந்தேகம் வந்தால் செய்கிற வழக்கம் அது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் சாமி வாக்கு. பிறகு பேச்சே இல்லை. இந்த மனிதர் அதைக் கயிறு தாண்டுவதா, மூச்சு விடுவதா என்று கேட்பதற்குக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளை வந்தால் மூச்சு, சிவப்பு வந்தால் குதி. குழந்தை? பலகைக்கு இந்தப் பக்கம் இருக்கிறதே, என் குழந்தை. யாருடைய தூக்கத்தைக் கெடுக்கிறாரோ அவளையே கூப்பிட்டு உத்தரவு வாங்கப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்தப் போனேன். சரோஜா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். தாராளமாகக் கேட்கலாம் என்றாள். பூப்பொட்டலமும் தானே கட்டித் தருவதாகச் சொன்னாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

சில்வர் ஓக் மரத்தடிப் பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். வேலை முடிந்து வந்த ஜனம் பாதி அங்கேதான் நின்றது. தவழ ஆரம்பித்திருந்த பாப்பா முதலில் கற்பூரத் தட்டை நோக்கிப் போனாள், பிறகு ரைட்டரின் கால் கட்டைவிரலைப் பிடித்தாள், கடைசியில் ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைத்தாள். பிடுங்கிப் பிரித்தால் வெள்ளைப் பூ. ரைட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி சொல்லிட்டீங்க, மூச்சுதானுங்க" என்று என் மகளைக் கும்பிட்டார். மீதிப் பொட்டலத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நானும் சரோஜாவும் சிரித்துக்கொண்டே காப்பி குடித்தோம். பாப்பா தூங்கவில்லை. புது அமைதி, பழகும் என்றோம். மறுநாளும் தூங்கவில்லை. வசம்பு உரைத்துக் கொடுத்தோம், சுற்றிப் போட்டோம், தொட்டிலை இடம் மாற்றினோம். தொண்டை கட்டும் வரை அழுதாள். பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காய் முடிந்தது. ஒரு சாயங்காலம் ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோன சரோஜா, தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையைக் குதிகாலால் ஆத்திரத்தோடு உதைத்தாள். பலகை தொம் என்றது. பாப்பா அழுகையை நிறுத்திக் காதைக் கொடுத்தாள்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அத்தனை நாளும் அவள் அழுதது அவர் குதித்ததால் இல்லை. அவர் நிறுத்தியதால் அழுதிருக்கிறாள்.

உடனே போய்க் கதவைத் தட்டினேன். மனிதர் பாயில் சம்மணம் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். குதியுங்கள் என்றேன். புத்தகம் முடியவில்லை என்றார். புத்தகத்தை அடுப்பில் போடுங்கள் என்றேன். சாமி வாக்கை மீறக் கூடாது என்றார். என் மண்டையில் ஏறிய ரத்தம் காது வழியாக வந்திருக்கும். குதிக்க வேண்டாம் என்றபோது குதித்தவர், குதி என்று கெஞ்சும்போது உட்கார்ந்துகொண்டு மூச்சு விடுகிறாரே என்று கத்தினேன். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சரோஜா என் பின்னாலேயே வந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அது சாமி வாக்கு இல்லீங்க, ரைட்டருங்க. ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளைப் பூத்தானுங்க வெச்சேன்."

ரைட்டர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தெரியுமுங்க அம்மணி. ஊட்டுக்கு வந்து அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தனுங்க. ஒரு தாய் சாமி முன்னாடியே பொய்யி கட்டுதுன்னா, புள்ளைய வெச்சுக்கிட்டு நொம்பக் கஷ்டப்பட்டிருக்கோணும்னு தோணுச்சுங்க. அதையே வாக்குன்னு வெச்சுக்கிட்டேன்."

திட்டுவதற்கு என் வாயில் அப்போது வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. அதையெல்லாம் மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தேன். அவர் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பாப்பாவைப் பார்த்து, "ஆரம்பிக்கட்டுங்களா கண்ணு?" என்று அனுமதி கேட்டார். எங்கள் அலமாரி டம்ளர் கீழே விழுந்த சத்தம் அங்கிருந்தே கேட்டது. சரோஜாவின் தோளில் பாப்பாவுக்குக் கண் சொருகியது.

பிறகு அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு டம்ளரும் நெளியாமல் இருந்ததில்லை. நானும் ஒரு நாள் விடாமல் திட்டினேன். மலைக்குக் கீழே ஆத்தூரில் அக்கா மகன் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று அவர் கிளம்பிய அன்று, தகரப் பெட்டியை நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். முதல் நாள்தான் ஒரு புத்தகத்தை முடித்திருந்தார். என் சட்டைப் பையில் அந்தப் பொரிகடலை இருந்தது. பாப்பா பள்ளிக்கூட யூனிபாரத்தோடு என் விரலைப் பிடித்து நின்றாள். பஸ் உறுமியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதே கேள்வியைக் கேட்டார், அடுத்தது எதைங்க எடுக்கறது என்று.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது?

"சத்தம் போடறதா எடுங்க" என்றேன். "மலை மேல வரைக்கும் கேக்கோணும்."