கெட்டிமேளமும் எட்டு ஓமும்

ஒரு வேலை அறவே தெரியாதவரால் வீட்டுக்கு ஆபத்தில்லை, யாராவது தடுத்துவிடுவார்கள். பாதி தெரிந்தவரைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். எங்கள் வீட்டில் அது நான்.

தங்கையின் நிச்சயதார்த்தம் மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. மேளக்காரர் வேண்டாம், பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்றார் அப்பா. தட்டு மாற்றும்போது யாராவது தும்மினாலும் காதில் விழக் கூடாது. கெட்டிமேளத்தின் வேலையே அதுதான்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சுற்றுலா வேன் ஓட்டும் நண்பன் குணா, வேனிலிருந்து கழற்றிய சப்வூஃபர் பெட்டியைத் தூக்கிவந்தான். அதற்குள் தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது, இரண்டே ஒயர். எங்கள் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் வலது ஸ்பீக்கர் மாட்டியிருந்த அதே முனைகளில் அவற்றையும் செருகினேன்.

"மச்சான், ஒரே ஓட்டையில ரெண்டு சொருவுறியே, தாங்குமா?"

மாட்டும் ஸ்பீக்கரின் மின்தடை எட்டு ஓமுக்குக் குறையக் கூடாது என்று ஆம்ப்ளிஃபயரின் முதுகில் அச்சிட்டிருந்தது. ஸ்பீக்கர் எட்டு, சப்வூஃபர் நாலு.

"பன்னெண்டு ஆச்சு. தாராளம்!"

(ஒரு பத்திரிகையில் வணிகப் பக்கத்துக்கு வேலை பார்த்தவன் நான். கூட்டலில் அபார நம்பிக்கை.) இப்படி இணையாக மாட்டினால் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும் என்பது பள்ளிப் பாடம்.

நாதஸ்வரம் மெல்ல ஒலித்தவரை குறையில்லை. செங்கல்பட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கினார்கள். ஐயர், "கெட்டிமேளம்!" என்றார். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். தவில் ஒரே ஒரு முறை இடித்தது. கூடம் அதிர்ந்தது. 'டக்'கென்று ஆம்ப்ளிஃபயர் தன் உயிரைக் காத்துக்கொண்டு அணைந்தது.

அந்த நிசப்தத்தில் அப்பா தும்மினார்.

மாப்பிள்ளையின் அத்தை தட்டிலிருந்து கையை எடுத்தார். "நல்ல காரியத்துல இன்னா இது? இன்னொரு நாள் வெச்சிக்கலாம்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன்.

"எதுக்கு இன்னொரு நாளு? மேளம் இங்கதான கீது அத்த!" என்று குணா சப்வூஃபர் பெட்டியை இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினான். "நீயும் அடி மச்சான், முழிச்சிகினு நிக்காத!"

அடித்தேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிக்கறதுதான் அடிக்கிறீங்க, பலமா அடிங்க" என்று தட்டைப் பிடித்தார்.

இப்போதும் மாப்பிள்ளை வீட்டில் விசேஷமென்றால் அத்தையிடமிருந்து போன் வரும்: "மேளத்துக்குச் சொல்லியாச்சு. இருந்தாலும் நீ பெட்டியத் தூக்கிகினு வந்துடு. ஒயரு வாணாம்."

தூக்கிக்கொண்டுதான் போகிறேன். ஒயரை விட்டதிலிருந்து மேளம் ஒரு முறைகூட நடுவில் நின்றதில்லை.