ஆம்ப்ளி பாயும் ஆன்லைன் விலையும்

ராமநாதபுரத்தில் காது என்று ஒன்று இருக்கிற எல்லாரும் ஆம்ப்ளி பாயிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியிருப்பார்கள். பஜாரில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் விற்கிற கடை அவருடையது. நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எடுத்தவுடன் விலை கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "மொதல்ல காதைக் குடு, அப்புறம் காசைக் குடு" என்பார்.

ஒருநாள் நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். விசைப்படகின் எஞ்சின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்கவேண்டுமாம். பாய் சும்மா எடுத்துக் காட்டுவாரா? ஜெனரேட்டரைக் கடைக்குள்ளேயே உருட்டிவந்து ஓடவிட்டார். புகையில் மூவரும் இருமினோம். ஆறு ஸ்பீக்கர்கள் தோற்று, ஏழாவதில் பாட்டு ஜெயித்தது. மீனவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாய் ஜெனரேட்டரை அணைத்ததும், மீனவர் தன் செல்போனை எடுத்து அதே ஸ்பீக்கரைத் தேடினார்.

"பாய், ஆன்லைன்ல ரொம்பக் கம்மியா இருக்கே!"

பாய் எட்டிப் பார்த்தார். "இது நான் வாங்குற விலையவிடக் கம்மியால்ல இருக்கு..."

மீனவர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீக பாய். ஆர்டர் போடப் போனா டவர் கட்டாயிருது. ஒங்க வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்களேன்."

பாய் சொன்னார். எழுத்து எழுத்தாக, நிதானமாக.

மீனவர் போனதும் பாய் மதுரை மொத்த வியாபாரியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்த ஆன்லைன்காரனுக்கு மட்டும் எப்பிடிண்ணே கட்டுபடியாகுது?"

"அவங்க கம்பெனிலருந்தே லாரி லாரியா எடுக்குறாங்க பாய். பஜார்ல கடை வாடகை கிடையாது, ஒங்கள மாதிரி போட்டுக் காட்ட ஆள் கிடையாது. போதாததுக்கு, கூட்டம் சேர்க்கணும்னு கொஞ்ச நாள் நஷ்டத்துக்கே விப்பாங்க."

"நானும் மூணு வருசமா நஷ்டத்துக்குத்தான் விக்கிறேன். எனக்கு ஏண்ணே கூட்டம் சேரல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாயின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அன்று முழுக்க அவர் கடையில் பாட்டே போடவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கேட்டுப் பார்க்க மட்டுமே வந்தார்கள். நானும் யோக்கியனில்லை. என் வீட்டு சவுண்ட்பார் ஆன்லைனில் வந்ததுதான். அதில் இரைச்சல் வந்தபோது வெட்கமில்லாமல் பாயைத்தான் கூப்பிட்டேன். வந்தார், வயரை மாற்றினார், எங்கே வாங்கினாய் என்று கேட்கவே இல்லை. திட்டியிருக்கலாம்.

போன வருடம் கடை காலியானது. இப்போது அதே இடத்தில் ஆன்லைன் பார்சல்களை நேரில் வந்து வாங்கிக்கொள்ளும் மையம். பார்சல் எடுத்துக் கொடுப்பவர் பாய்தான்; மாதச் சம்பளம். ஸ்பீக்கர் பார்சல் வந்தால் மட்டும் ஆளை விடமாட்டார். "பிரிங்க, போட்டுக் கேட்டுட்டுப் போங்க. வீட்டுல போயி இரைஞ்சா யாரைக் கேப்பீக?" வரிசை தெருவரைக்கும் நிற்கும். மேலிடத்திலிருந்து இரண்டு முறை எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலையும் போய்விடும். சொன்னாலும் கேட்பதில்லை.

வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவார்கள்தான். இருந்தாலும், சோப்பு வாங்கினால்கூட, நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் ஆர்டர் போடுகிறேன்.