பூவோடு எடுத்த ராஜா

இந்தச் சித்திரையில் எப்படியும் ராஜாவாகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சிரிக்க வேண்டாம். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு மிச்சமிருந்த ஆசை இது ஒன்றுதான். சேந்தமங்கலம் சந்தைத் திடலில் வருஷா வருஷம் கோடையில் மூன்று நாள் கூத்து நடக்கும். சரக்குக் கொண்டுபோன சனமெல்லாம் காலி மூட்டையை விரித்து உட்கார்ந்து பார்க்கும். அதில் ராஜா வேஷம் கட்டுகிறவர், யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நிஜப் பட்டாளத்திலேயே சேர்ந்துவிட்டார். கூத்து வாத்தியார் அர்த்தனாரி தேன் வாங்க எங்கள் மலைக்கு வந்தபோது, வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கேட்டார்.

"பெரிய ராஜா இல்லீங்க அப்பாசாமி. வந்து ஒரு சுத்து ஆடோணும், நாலு அடி பாடோணும், சண்டையிலே செத்துப் போகோணும். அவ்வளவுதான்" என்றார்.

ஆடுவது, பாடுவது பற்றித்தான் கொஞ்சம் யோசித்தேன். செத்துப் போவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது.

தடை என் மனைவி கண்ணாயி. எங்கள் வீட்டில் சந்தைக்குப் போவது அவள், ஆடு மேய்ப்பது நான். இதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் சந்தைக்குப் போன நான், கூத்துக்காரர்கள் பின்னாலேயே ராசிபுரம் வரை போய்விட்டு எட்டாம் நாள் வீடு திரும்பினேன். அதற்குள் காவல் இல்லாத எங்கள் சாமைக் காட்டைப் பன்றிகள் மேய்ந்துவிட்டன. அந்த வருஷம் முழுக்க மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கிழங்கை வேகவைத்து என் முன்னால் வைப்பாள், என்னை ஒரு தரம் பார்ப்பாள், போய்விடுவாள். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பார்வை இன்றைக்கும் மாறவில்லை.

அதை மாற்றத்தான் ராஜா வேஷம். ஒரே ஒரு தடவை கிரீடம் வைத்து நின்றுவிட்டால் மலையெல்லாம் பேசும். அவள் காதிலும் விழும். கட்டினவன் சும்மா ஆள் இல்லை என்று ஒரு நாளாவது நினைப்பாள். வேறு எதற்கும் இல்லை.

ஆகவே திட்டம் போட்டேன். வியாழக்கிழமை சந்தை. அன்றைக்கே முதல் நாள் கூத்து. அதற்கு முந்தின நாள் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டியவர்கள் எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கண்ணாயி கையில் காப்பு ஏறிவிட்டால் அவளால் சந்தைக்குப் போக முடியாது. அப்புறம் மிளகு மூட்டையைச் சுமக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பூசாரி குப்புசாமியைத் தனியாகப் பிடித்தேன். இந்த வருஷம் பூவோடு எடுக்க எங்கள் வீட்டிலிருந்து கண்ணாயி பேரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். பூவோடு என்றால் பூ இல்லை, தணல் கனிந்த சட்டி. அதை வெறுங்கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். பூசாரிக்குப் பரம சந்தோஷம்.

கண்ணாயியிடம், பூசாரி தானாகவே அவள் பேரைச் சேர்த்துவிட்டதாக வருத்தத்தோடு தெரிவித்தேன்.

"நல்லதுதானுங்களே" என்றாள். சந்தைக்கு நீங்களே போய்விட்டு வாருங்கள் என்றும் சொன்னாள்.

இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் நின்று நாலு அடியையும் உரக்கப் பாடிப் பார்த்தேன்.

புதன்கிழமை காலையில் மிளகை மூட்டை கட்டி, காரவள்ளிப் பாதையில் இறங்கத் தயாராக வாசலுக்கு வந்தேன். வெளியே பலா மரத்தடியில் கண்ணாயி நின்றாள். கையில் துணி மூட்டை. பக்கத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர்.

"நான் ஊட்டுக்குள்ளே வரக்கூடாதுங்க. தூரம்" என்றாள்.

காப்புக் கட்டும் நாளில் தூரமான, அதாவது வீட்டு விலக்கான பெண்கள் ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது. அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், நோம்பி முடிந்துதான் திரும்ப வேண்டும். இவளுடைய அண்ணன் மாணிக்கம் வீடு காரவள்ளியில். அங்கிருந்து சந்தை எட்டிப் போகிற தூரம்.

"பத்து நாளைக்கு முன்னாலதானே புள்ளே..." என்று ஆரம்பித்தேன்.

"விரல் விட்டு எண்ணிட்டா இருந்தீங்க?" என்றாள்.

நாலு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். எந்த ஆம்பிளையால் இதற்கு மேல் விசாரிக்க முடியும்?

மூட்டையைக் கீழே வைக்கச் சொன்னாள். சந்தைச் சரக்குக்குத் தீட்டில்லை என்று அவளே தீர்ப்புச் சொல்லி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். தூரமானவள் நடையாகத் தெரியவில்லை.

அவள் தலை மறைவதற்குள் பூசாரி மஞ்சள் கயிற்றோடு வந்தார். பேர் கொடுத்த வீடு பின்வாங்கினால் ஆத்தா பொறுக்க மாட்டாள், பொண்டாட்டிக்கு ஆகவில்லையென்றால் புருஷன்தான் எடுக்க வேண்டும் என்றார்.

"பேரை யாருங்க குடுத்தது?" என்று ஈனசுரத்தில் கேட்டேன்.

"அதைத்தான் கண்ணாயியும் கேட்டாளுங்க. சொல்லிப்போட்டேன். ஆத்தா காரியத்துலே பொய் பேசலாமுங்களா?" என்றார், என் மணிக்கட்டில் முடிச்சை இறுக்கிக்கொண்டே.

எட்டு நாள் ஒரு வேளைச் சோறு. வெறுந்தரையில் படுக்கை. காப்புக் கட்டிய மறுநாளே, வியாழக்கிழமை சாயங்காலம், நான் சட்டியை ஏந்திக் கோயிலைச் சுற்றினேன். கீழே அதே நேரத்துக்குத்தான் வாத்தியார் எனக்கு அரிதாரம் பூசுவதாக இருந்தது. எல்லோரும் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அருள் வந்துவிட்டதாகக் கும்பிட்டார்கள். கை எரிந்ததும் உண்மை. ஆனால் அழுதது அதற்காக இல்லை.

ஒன்பதாம் நாள் கண்ணாயி உப்பு, கருவாடு, எனக்கொரு துண்டு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மிளகுக்கு நல்ல விலையாம். அண்ணன் வீட்டாரோடு மூன்று நாள் கூத்தும் பார்த்தாளாம். என் உள்ளங்கையைப் பார்த்தவள், விளக்கெண்ணெய் எடுத்துவந்து தடவ ஆரம்பித்தாள். அதுதான் சமயம் என்று மெதுவாகக் கேட்டேன்.

"ராஜா வேஷம் யாரு கட்டுனாங்க?"

"எந்த ராஜாங்க?"

"வந்து, ஆடி, பாடி, சண்டையிலே சாவானே, அந்த ராஜா."

"நீங்க ஆட்டுக்குட்டிகிட்ட பாடுனீங்களே, அவனுங்களா?" என்றாள். எனக்குக் காது சூடேறியது. "ஆளு வரலீன்னு வாத்தியாரு அந்த ராஜாவையே கதையிலிருந்து எடுத்துப்போட்டாருங்க."

"அப்புறம் கதை?"

அவள் அடுத்த கையை எடுத்து எண்ணெய் தடவினாள்.

"கதைக்கு ஒண்ணும் கொறையலீங்க" என்றாள்.