மூஷிகத்துக்குக் கூம்பு மாட்டிய ஷட்டில் அண்ணை

யாழ்ப்பாணத்தில் கல்லூரி உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புலம்பெயர்ந்து வந்து குடியேறிய நோபல் பார்க்கில் எங்கள் விநாயகர் விழாச் சபையின் தலைவரும் நானே. நான் மண்டபத்துள் நுழைந்தால் முன்வரிசைக் கதிரை ஒன்று தானாகவே காலியாகும். ஷட்டில் அண்ணையின் வேனில் ஏறும்வரை இந்த மதிப்பு குறைவின்றி நீடித்தது.

எதையும் இன்னொன்றின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோகலாம் என்று நம்பிய மருந்தாளர் உலகிலேயே அவர் ஒருவர்தான். ஷட்டில் என்ற விண்வெளி ஓடத்தைச் சுமந்து ஊர் ஊராகப் பறந்த ஜம்போ விமானமே அவருடைய இஷ்ட தெய்வம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனவர்கள், அந்த விமானத்தின் வாலில் இரண்டு துடுப்புகளைக் கூடுதலாக ஏன் பொருத்தினார்கள் என்பதையும் அறிந்தே திரும்பினர். சிலருக்குக் காய்ச்சல் அங்கேயே விட்டது.

விழாவுக்கென்று ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய தூரத்தில் இருந்த சிட்னியில், செவன் ஹில்ஸில் செய்வித்த மூஷிக வாகனத்தை ஏற்றிவர வேண்டிய லொறிக்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்தார். மூஷிகம் வரும் என்று ஊர் முழுவதற்கும் வாக்குக் கொடுத்திருந்தவன் நான். சபைச் செயலாளரையும் கூட்டிக்கொண்டு அண்ணையின் வேனில் போய்ச் சேர்ந்தோம்.

"உள்ளுக்கு வைக்கக் காது இடிக்குது, சேர். மேல ஏத்துவம்."

"விழுந்தா என்ர மானம் போயிடும்."

"அவ்வளவு பெரிய ஓடமே விழேல்ல. எலி விழுமே?"

ஓடத்தைப் போலவே மூன்று இடங்களில் முட்டுக் கொடுத்துக் கட்டினார். காற்று சுழன்று இழுக்காதிருக்க ஓடத்தின் பின்புறத்தில் கூம்பு மாட்டினார்களாம். ஆகவே மூஷிகத்துக்கும் ஒரு தகரக் கூம்பு. பாரம் குறைக்க விமானத்தின் இருக்கைகளைக் கழற்றினார்களாம். ஆகவே வேனின் பின் இருக்கைகள் செவன் ஹில்ஸிலேயே தங்கின. செயலாளர் ரயிலில் அனுப்பப்பட்டார்.

"முன்னுக்கு முதல் வகுப்பு சீற் கொஞ்சம் விட்டு வச்சவங்கள், சேர். அது உங்களுக்கு."

நெடுஞ்சாலையில் பொலிஸ் மறித்தது. அதிகாரி கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பிறகு, வேட்டியும் கோட்டுமாக நிமிர்ந்திருந்த என்னைக் காட்டி, இவரையும் கட்டியா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சீற் பெல்ற் போட்டிருக்கிறார் என்று அண்ணை பணிவாகப் பதில் சொன்னார்.

நோபல் பார்க்கில் வேன் திரும்பியபோது மண்டப வாசலில் நின்ற சனம் முழுவதும் கைபேசிகளை உயர்த்தியது.

"அங்க பாருங்கோ, பிள்ளையாருக்கு ரொக்கெற் வருது."

மறுநாள் பிள்ளையார் அதிலேயே வீதி வலம் வந்தார். கூம்பைக் கழற்ற ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மூஷிகம் வழியில் விழுந்தது என்றும், நான் பயத்தில் அண்ணையின் கையைப் பற்றிக்கொண்டே வந்தேன் என்றும் இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். மூஷிகம் விழவில்லை. கையைப் பற்றியது மண்டப வாசலில் வேன் நின்ற பிறகு.