வேலுசாமிக்கு வைத்த வரவேற்பு ஃப்ளெக்ஸ்

வெண்ணந்தூர்,
சனிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளையும் எங்கள் சபைப் போதகருமான அன்பரசு அவர்களுக்கு, மச்சான் குணசீலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. பெங்களூரில் தங்கச்சியும், பிள்ளை பெற்ற உங்கள் மகள் இனியாவும், பேரனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். வேலுசாமி இறந்துபோனதாக ஒரு பேச்சு கிளம்பியது, அவரும் சுகமே. போனில் சொன்னால் நடுவில் புகுந்து திட்டுவீர்கள். கடிதமென்றால் முழுக்கப் படித்த பிறகுதானே திட்ட முடியும்?

கிளம்பும்போது, "புதுசா வந்திருக்கற குடும்பம், பச்ச நாத்து மாதிரிங்க மச்சான். நான் வர்ற வரைக்கும் வாடாமப் பாத்துக்கங்க" என்று வேலுசாமியையும் மைதிலியையும் என்னிடம் ஒப்படைத்தீர்கள். நான் சும்மாவா இருந்தேன்? முன்வரிசையில் உட்கார வைத்தேன், பொன்னாடை போர்த்தினேன், ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வீடு கூட்டிப்போய்ச் சோறு போட்டோம். முதல் வீட்டில் சாப்பிட்டாயிற்று என்றால் அடுத்த வீட்டார் விட்டுவிடுவார்களா? போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆயிரம் அடி ஆழம் பார்த்த மனுஷன், மூன்றாவது வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, நம்ம சபையில வெரதம் கிரதம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஊரில் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ், புது லாரிக்கும் ஃப்ளெக்ஸ், சபைக்கு வந்தவருக்கு மட்டும் கிடையாதா என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. வேலுசாமியைக் கேட்காமலே அவருடைய ஆதார் போட்டோவை ஃப்ளெக்ஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் மேலே சிலுவை, சுற்றிலும் மேகம், ஓரத்தில் ஒரு புறா வைத்து, கீழே கொட்டை எழுத்தில் 'வருக வருக' போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாப்பில் கட்டினோம். டீக்கடைக்காரர் வெயிலுக்குத் தார்ப்பாய் இழுத்துவிட்டதில் 'வருக வருக' மறைந்துபோயிற்று. மிச்சம் தெரிந்தது சிலுவை, வேலுசாமியின் முறைத்த முகம், பேர், மேகம், புறா.

இளம்பிள்ளையிலிருந்து வேலுசாமியின் அண்ணன் மாதையன் வேறு வேலையாகப் பஸ்ஸில் வந்தவர், அதைப் பார்த்ததும் இறங்கி, ஆளுயர மாலை வாங்கிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு வந்தார். வேலுசாமி வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். "டேய் சாமி, உசுரோட இருக்கறயாடா!" என்று கட்டிப்பிடித்து அழுதவர், கண்ணைத் துடைத்த பிறகுதான், "அதென்னடா மேல சிலுவை?" என்று கேட்டார். சபைக்கு வருவதை அண்ணனிடம் தீபாவளிக்கு நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்ல நினைத்திருந்தாராம் வேலுசாமி. என் ஃப்ளெக்ஸ் முந்திக்கொண்டது. மாதையன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "நான் சாமி கும்புட வந்தனுங்க. நீங்க என்னையவே சாமியாக்கிப் போட்டீங்களே" என்றார் வேலுசாமி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போன ஞாயிறு அவர்கள் வரவில்லை. அந்த இரண்டு நாற்காலியைப் பார்க்கவே முடியவில்லை, மாப்பிள்ளை. நாற்று வாடவில்லை, நான்தான் தண்ணீரை ஊற்றி ஊற்றி அழுக வைத்துவிட்டேன். ஆகவே வரவேற்புப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இனி என் ஆயுசுக்கும் ஃப்ளெக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். ஆண்டவர் உங்களையும் பேரனையும் காத்து, என்மேல் உங்களுக்கு வரும் கோபத்தையும் கொஞ்சம் தணிப்பாராக.

இப்படிக்கு,
இனி ஓரமாக உட்காரப்போகும் மச்சான்,
குணசீலன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. வேலுசாமியும் மைதிலியும் வந்துவிட்டார்கள்! நேற்று ராத்திரி மாதையன் போன் போட்டு, "யாரை வேணா கும்புட்டுக்கடா. உன்னைச் செத்தவனாட்டம் போட்டோவுல பாத்துட்டேன், இனி எனக்கு எதுவும் பெருசில்ல. தீபாவளிக்கு ஊட்டுக்கு வந்து சேரு" என்றாராம். ஆக, எல்லாம் ஃப்ளெக்ஸ் செய்த புண்ணியம். பொறுப்பை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அடுத்த வாரம் நீங்கள் வருவதற்கும் ஒன்று அடித்தாயிற்று, வேலுசாமியே ஏணி போட்டு ஏறிக் கட்டினார். நீங்கள் சிரித்தமாதிரி போட்டோ எங்கள் யாரிடமும் இல்லை. மேகமும் புறாவும் அதேதான், தார்ப்பாயும் அங்கேயேதான் இருக்கிறது. உங்கள் அம்மா அந்தப் பக்கம் பஸ்ஸில் வருவதற்குள் ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்.