பதினான்காம் எண் பலகை

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேன்ட்டும் ஷூவும் இதற்குள் காய்ந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் வீட்டுக்காரி சம்பந்தி அம்மாவுடன் போனில் பேசுவதாகச் சொன்னாள். என்னோடு பேசுவதைத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறாள்.

ஒரு உதவி வேண்டும். வியாழக்கிழமை எங்கள் பழைய நீராவி ரயில் சங்கத்தின் கமிட்டி கூடுகிறது. தொண்டர் என்று எனக்குக் கொடுத்த மஞ்சள் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வதா என்று முடிவு செய்வார்கள். ஓய்வுபெற்ற இந்த ஆறு வருடங்களில், யாரும் எழுப்பாமல் எழுந்து நேரத்துக்கு நான் போய்ச் சேருகிற ஒரே இடம் அதுதான். ஞாயிறன்று வண்டியில் இருந்த பயணி யாராவது ‘மன்னிக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். எனக்குத் தெரிந்த பயணிகள் நீங்களும் சம்பந்தி அம்மாவும்தான்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். நிற்கிற இன்ஜின் தூங்குகிற இன்ஜின் இல்லை. உள்ளே நெருப்பு எரிகிறது, நீராவி சேர்ந்துகொண்டே இருக்கிறது, கொஞ்சம் கசிந்தால்கூட யாரும் தொடாமலே நகர்ந்துவிடும். ஆசிரியர் வெளியே போன வகுப்பில் கூச்சல் கேட்டால் கவலையில்லை, சத்தமே இல்லாவிட்டால்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்; அந்த மாதிரி. அதனால் அடியில் புகுந்து துடைப்பவர் யாரானாலும், முதலில் தன் எண் போட்ட சிவப்புப் பலகையை டிரைவரின் கைப்பிடியில் மாட்ட வேண்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். டிரைவரேயானாலும் தொடக் கூடாது. பலகை தொங்கும்வரை வண்டி நகராது. என் எண் பதினான்கு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பதே நான்தான்.

நீங்கள் வருகிறீர்களே, சக்கரமெல்லாம் பளபளவென்று இருக்கட்டுமே என்று அன்று காலை அரைமணி நேரம் அடியில் படுத்துத் துடைத்தேன். மணியைப் பார்த்ததும் அலறியடித்துக்கொண்டு கையைக் கழுவி, வாசலுக்கு ஓடி, உங்கள் இருவரையும் அழைத்துவந்து ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பத்து மணி வண்டி பத்தரைக்கும் கிளம்பவில்லை. “என்ன சம்பந்தி, வண்டி போகுமா, இல்ல இதுலயே குடித்தனம் பண்ணணுமா?” என்று கேட்டீர்கள். நான் தலையை நீட்டி ரயில் கார்டைக் கேட்டேன். “யாரோ பலகையை மாட்டிட்டுப் போயிட்டாங்க சார். எண் தெரியாம திரும்பித் தொங்குது. திருப்பிப் பார்க்கலாம்னா, தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை நீங்களே பார்த்தீர்கள். பொறுப்பு என்றால் என்ன என்று இருபது நிமிடம் பேசினேன், மூன்று உதாரணம் சொன்னேன். “அந்த மாதிரி ஆளை கிட்டயே சேர்க்கக் கூடாது சம்பந்தி” என்றீர்கள். சேர்க்கவே கூடாது என்று நானும் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் இறங்கிப்போய் இன்ஜின் பக்கத்தில் நின்றீர்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன். “நின்னுகிட்டு இருக்கிற வண்டி என்ன பண்ணிடப் போகுது?” என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள், அவ்வளவு நேரம் சேர்ந்த நீராவியால் இன்ஜின் உச்சியில் இருக்கும் வால்வு தானாகத் திறந்தது. குக்கர் விசில் மாதிரிதான், ஆனால் நூறு குக்கர். நீங்கள் பின்னால் குதித்ததும், தண்ணீர்க்குழாய் அடியில் தேங்கியிருந்த குட்டையில் உட்கார்ந்ததும், நல்லவேளை, என்னைத் தவிர சம்பந்தி அம்மா கண்ணில் மட்டும்தான் பட்டது. சிரித்தது இன்ஜினைப் பார்த்துத்தான் என்று அவர்களே சொன்னார்கள்.

உங்களைத் தூக்கிவிடக் கையை நீட்டியபோது என் நகக்கண்ணில் கறுப்பு எண்ணெயைப் பார்த்தேன். காலையில் அடியில் படுத்தவன் நான். அப்படியானால் அந்தப் பலகை என்னுடையதுதானே? நேரே போய் இன்ஜினில் ஏறினேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. பலகையைத் தடவிக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் ஷெட் வாசலில் சாய்த்துவிட்டு வந்தேன். வண்டி கிளம்பியது. அன்று சாயங்காலமே கமிட்டியிடம் ‘மறந்தவன் நானே’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறதி ஒரு முறை யாருக்கும் வரும், ஆனால் நடைமுறையை அறிந்தவர், அதை மதிப்பவர் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். அடுத்த முறை வரும்போது குட்டையை மூடி வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், விட்டுவந்த குடையை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். பதினான்காம் எண் பலகை அதன் ஆணியில், நான் அடையாளத்துக்குச் சுற்றிய ரப்பர் பேண்டோடு, நூலாம்படை பிடித்துத் தொங்குகிறது. வாசலில் நான் சாய்த்துவைத்தது ஒன்பது. காலையில் நெருப்பு மூட்டுகிற ஃபயர்மேனுடையது. அவர் அங்கேயே இருந்தார். “இன்ஜினுக்கு அடியில ரெண்டு கால் தெரிஞ்சுது சார். மேல பார்த்தா பலகையைக் காணோம். என்னோடதை மாட்டிட்டு, நீங்க வெளிய வர்ற வரைக்கும் அங்கேயேதான் நின்னேன். அப்புறம் அந்தக் கோடி ஸ்டேஷன்ல தண்ணி வரலைன்னு வேன்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க, கழற்ற மறந்துட்டேன்” என்றார். கமிட்டிக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க முந்திக்கிட்டீங்களே சார்” என்றார்.

ஆகவே பலகையைக் கழற்ற மறந்த குற்றத்தை நான் செய்யவேயில்லை. மாட்டாமலே அடியில் படுத்ததும், அடுத்தவர் பலகையைத் தொட்டுக் கழற்றியதும் மட்டும்தான் நான் செய்தது. மஞ்சள் சட்டையை மடித்து வைத்துவிட்டேன். வியாழக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். நீங்கள் ஒரு வரி எழுதத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஃபயர்மேனை மன்னிக்கச் சொல்லி எழுதுங்கள்.